எண்ணாமலே எண்ணக் கற்பித்த மேதை

வேதியியல் நூலைத் திறக்கும் பத்தாம் வகுப்பு மாணவி எவருக்கும் தப்ப முடியாத ஓர் எண் உண்டு. 6.022 × 10²³ என்பதே அது. ஆறு என்று எழுதி, அதற்குப் பின்னால் இன்னும் இருபத்து மூன்று இலக்கங்களை வரிசையாக எழுதினால் வரும் எண். அதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். தேர்வுக்கு முதல் நாள் நாம் அதை உருப்போடுகிறோம், விடைத்தாளிலும் எழுதிவிடுகிறோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், எந்த நாட்டவர், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே.

இன்னொரு வியப்பும் உண்டு. தம் பெயரைத் தாங்கிய அந்த எண்ணை அவர் வாழ்நாளில் அறியவே இல்லை! அதைக் கணக்கிட்டவரும் அவரல்லர். அதற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டவரும் அவரல்லர். அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத துகள்களை எண்ணுவதற்கும் ஒரு வழி உண்டு என்று அவர் காட்டினார். அவர் காட்டிய வழியில் நடக்க வேதியியல் உலகம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மறுத்துவிட்டது. அந்த ஐம்பது ஆண்டுகளின் கதையைத்தான் நாம் இங்கே காண இருக்கிறோம்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி என்ற ஒரே நாடு அன்று உருவாகவில்லை. பல சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்த காலம் அது. ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் உள்ள பீட்மாண்ட் பகுதி சார்தீனிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகரான டூரினில் 1776-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அமேடியோ அவகாட்ரோ பிறந்தார். அவருடைய முழுப் பெயர் லொரென்சோ ரொமானோ அமேடியோ கார்லோ அவகாட்ரோ. குவாரெஞ்ஞா, செரெத்தோ என்னும் ஊர்களின் பிரபு என்ற பட்டமும் குடும்ப வழியாக அவருக்கு வந்தது.

தந்தை பிலிப்போ அவகாட்ரோ பெயர் பெற்ற சட்ட வல்லுநர். தாயின் பெயர் அன்னா மரியா. அக்குடும்பத்தில் சட்டம் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். அவகாட்ரோ என்ற பெயரே, வழக்கறிஞரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததென்றால் வேறென்ன சொல்ல வேண்டும்? மகனும் தந்தையின் வழியிலேயே நடந்தார். பதினாறு வயதில் சட்டத்தில் பட்டம் பெற்றார். இருபதாவது வயதில், 1796-ஆம் ஆண்டில், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அரசு அலுவலிலும் அமர்ந்தார்.

நல்ல குடும்பம், நல்ல பட்டம், நிலையான வருவாய் எல்லாம் அவருக்கு இருந்தன. ஒரு தாய் தந்தையர் தம் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளக் கூடியவை அனைத்தும் கைக்கு வந்துவிட்டன. ஆயினும் அவருடைய உள்ளம் வேறொன்றை நாடியது.

சட்டத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு

1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா முதல் மின்கலத்தைச் செய்து காட்டினார். இடைவிடாமல் மின்சாரம் தரும் அந்தக் கருவி ஐரோப்பா முழுவதையும் வியப்பில் ஆழ்த்தியது. அதே ஆண்டளவில் அவகாட்ரோ கணிதத்தையும் இயற்பியலையும் தாமே படிக்கத் தொடங்கினார். பகலில் அலுவல், எஞ்சிய நேரத்தில் படிப்பு! 1803-ஆம் ஆண்டில் தம் சகோதரர் பெலிச்சேயுடன் சேர்ந்து மின்சாரத்தைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதி டூரின் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே அக்கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அதன்பின் அவர் சட்டத்தை விட்டுக் கற்பிக்கும் பணிக்கு வந்தார். 1806-ஆம் ஆண்டில் டூரினில் கல்லூரி ஒன்றில் செய்முறை விளக்குநரானார். 1809-ஆம் ஆண்டில் வெர்செல்லி என்னும் சிற்றூர்க் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். பாரிசும் லண்டனும்தான் அன்று விஞ்ஞானத்தின் தலைநகரங்கள். வெர்செல்லியோ நெல்வயல்கள் சூழ்ந்த அமைதியான ஊர். அங்கே இருந்துகொண்டுதான் அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய சிந்தனையைச் சிந்தித்தார்.

இரு மேதைகளும் ஒரு புதிரும்

அவருடைய சிந்தனையை அறியவேண்டுமானால், அன்று விஞ்ஞானிகளைக் கலங்க வைத்த ஒரு புதிரை நாம் முதலில் அறிய வேண்டும்.

இங்கிலாந்தில் ஜான் டால்ட்டன் என்பார் பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்றார். ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்பதும் அவர் கொள்கை. 1808-ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. ஆனால் ஒரு சேர்மத்தில் எத்தனை அணுக்கள் சேர்ந்துள்ளன என்று கண்டறிய அவரிடம் வழி இல்லை. ஆகவே இயற்கை எளிமையையே விரும்பும் என்று அவர் எண்ணினார். நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் இருப்பதாக வைத்துக்கொண்டார். இது ஊகமே அன்றி நிரூபணம் அன்று.

அதே 1808-ஆம் ஆண்டில் பிரான்சில் கே-லூசாக் என்பார் வாயுக்களை அளந்து பார்த்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி கிடைத்தது. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு அம்மோனியா கிடைத்தது. எங்கும் முழு எண்கள்! அரையும் காலும் வரவே இல்லை.

இவ்வளவு ஒழுங்கு தற்செயலாக வருமா? வாயுக்களின் பருமனுக்கும் துகள்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அங்கேதான் சிக்கல் எழுந்தது. சம பருமனில் சம எண்ணிக்கையான துகள்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு பங்கு ஆக்சிஜனில் நூறு அணுக்கள் இருந்தால், இரண்டு பங்கு நீராவியில் இருநூறு துகள்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நீர்த் துகளுக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டுமே! நூறு அணுக்களை இருநூறு துகள்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை அணு அல்லவா வரும்? அணுவைப் பிளக்க முடியாது என்பதுதானே டால்ட்டன் கொள்கையின் அடிப்படை? ஆகவே டால்ட்டன் கே-லூசாக்கின் அளவீடுகளையே ஏற்க மறுத்துவிட்டார்.

இணைபிரியாத் தோழியர்

1811-ஆம் ஆண்டில் அவகாட்ரோ இப்புதிரை விடுவித்தார். அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய கட்டுரை பாரிசிலிருந்து வெளிவந்த இயற்பியல், வேதியியல் இதழ் ஒன்றில் அச்சாயிற்று.

அவர் சொன்னவை இரண்டு. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வாயுக்கள் எதுவாயினும், சம பருமனில் அவற்றின் துகள்களின் எண்ணிக்கை சமமாகவே இருக்கும் என்பது ஒன்று. அத்துகள் தனித்த அணுவாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே தனிமத்தின் அணுக்கள் சில சேர்ந்த கூட்டாகவும் இருக்கலாம் என்பது மற்றொன்று. அந்தக் கூட்டையே நாம் இன்று மூலக்கூறு என்கிறோம்.

இதை நம் பள்ளி மைதானத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஆக்சிஜன் என்னும் மாணவியர் இருவர் இருவராகக் கைகோத்து நிற்கிறார்கள் என்று கொள்வோம். அப்படி நூறு சோடிகள். ஹைட்ரஜன் மாணவியரும் அவ்வாறே இருவர் இருவராக இருநூறு சோடிகள். மணி அடித்தவுடன் ஒவ்வொரு ஆக்சிஜன் சோடியும் கைகளை விடுகிறது. இப்போது தனித்தனியாக இருநூறு ஆக்சிஜன் மாணவியர். ஒவ்வொருவரும் ஒரு ஹைட்ரஜன் சோடியுடன் போய்ச் சேர்ந்தால், மும்மூன்று பேர் கொண்ட இருநூறு குழுக்கள் அமைந்துவிடும். நூறு சோடியும் இருநூறு சோடியும் சேர்ந்து இருநூறு குழுக்கள்! கே-லூசாக் கண்ட கணக்கு அப்படியே வந்துவிட்டது. யாரையும் பாதியாக வெட்டவில்லை. பிரிந்தது அணு அன்று. கைகோத்து நின்ற சோடியே.

டால்ட்டனும் சரி, கே-லூசாக்கும் சரி. இருவரும் பகைவர் அல்லர் என்று ஒரே கருத்தால் காட்டிவிட்டார் அவகாட்ரோ. நீரில் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் இருப்பதும் இதனால் புலப்பட்டது. ஆக்சிஜன் ஹைட்ரஜனைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு எடையுள்ளது என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 16. வெறும் சிந்தனையாலும், பிறர் அளந்து தந்த அடர்த்திகளாலும் அவர் எவ்வளவு அருகில் சென்றுவிட்டார் பாருங்கள்!

உலகம் ஏன் கேட்கவில்லை?

இத்தனை தெளிவான விடையைக் கண்டபின் உலகம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. 1814-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர் இதைப் போன்ற கருத்தைத் தாமாகவே வெளியிட்டார். அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. அன்றைய வேதியியலில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்சீலியஸ். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் அணுக்கள் சேர்கின்றன என்பது அவர் கொள்கை. அப்படியானால் ஒரே வகையான இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று தள்ள அல்லவா வேண்டும்? அவை எப்படிக் கைகோக்கும்? அன்று இக்கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை. அதன் விளக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

1826-ஆம் ஆண்டு முதல் பிரான்சின் டூமா என்பார் பாதரசம், கந்தகம், பாஸ்பரஸ் முதலியவற்றை ஆவியாக்கி அடர்த்தியை அளந்தார். விடைகள் தாறுமாறாக வந்தன. பாதரசம் எதிர்பார்த்ததில் பாதி, பாஸ்பரஸ் இரு மடங்கு, கந்தகம் மும்மடங்கு. பாதரச ஆவியில் அணுக்கள் தனித்தனியே திரிகின்றன, பாஸ்பரஸ் ஆவியில் நான்கு நான்காகவும் கந்தக ஆவியில் ஆறு ஆறாகவும் சேர்ந்திருந்தன என்பது அன்று தெரியாது. ஆகவே அவகாட்ரோவின் கருத்தே தவறு என்று பலர் கைவிட்டனர்.

குறை முழுவதும் பிறருடையது என்று சொல்வதும் நியாயம் ஆகாது. அவகாட்ரோ அணு என்ற சொல்லைத் தம் கட்டுரையில் ஆளவில்லை. எல்லாவற்றையும் மூலக்கூறு என்றே அழைத்து, முன்னால் வெவ்வேறு அடைமொழிகளைச் சேர்த்தார். படிப்பவர் குழம்பினர். தம் கொள்கையை நிலைநாட்டப் புதிய சோதனைகளையும் அவர் பெரிதாகச் செய்து காட்டவில்லை. அடக்கமே உருவான அவர், புகழ்பெற்றோர் கூடும் இடங்களுக்குச் சென்று தம் கருத்துக்காக வாதாடியவரும் அல்லர்.

பதவியும் இழப்பும்

1819-ஆம் ஆண்டில் டூரின் விஞ்ஞானக் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. 1820-ஆம் ஆண்டில் டூரின் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியலுக்கென்று புதிய பேராசிரியர் பதவி உண்டாக்கப்பட்டு அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1821-ஆம் ஆண்டில் பீட்மாண்டில் மன்னராட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. மன்னர் முதலாம் விக்டர் இம்மானுவேல் முடிதுறந்தார். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அதன் பின்விளைவாகப் பல்கலைக்கழகமும் துன்புற்றது. அவகாட்ரோவின் பேராசிரியர் பதவி நீக்கப்பட்டது. சிறு ஓய்வூதியத்துடன் அவர் மீண்டும் சட்டத் தொழிலுக்கே திரும்ப நேர்ந்தது.

அவருக்கு மனைவி பெலிசித்தாவும் ஆறு பிள்ளைகளும் இருந்தனர். குடும்பத்தைக் காக்க வேண்டும். அலுவலையும் பார்க்க வேண்டும். ஆயினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. தொடர்ந்து எழுதினார், கணக்கிட்டார், கழகத்துக்குக் கட்டுரைகள் அளித்தார்.

1832-ஆம் ஆண்டில் அப்பதவி மீண்டும் உயிர் பெற்றபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்திருந்த புகழ்மிக்க கணித மேதை கோஷிக்குத் தரப்பட்டது. கோஷி விரைவிலேயே டூரினை விட்டுப் பிராகு நகருக்குச் சென்றார். 1834-ஆம் ஆண்டில்தான் அவகாட்ரோ தம் இருக்கைக்குத் திரும்பினார். அதன்பின் 1850-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அங்கேயே கற்பித்தார். 1837 முதல் 1841 வரை பொருள்களின் இயற்பியல் பற்றி நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். பொதுக்கல்வி, வானிலை, புள்ளிவிவரம், எடை அளவை ஆகியவை பற்றிய அரசுக் குழுக்களிலும் பணியாற்றினார். பீட்மாண்டில் மெட்ரிக் அளவை முறை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

1856-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அவர் டூரினில் உயிர் நீத்தார். எண்பது வயது நிறைய இன்னும் ஒரே மாதம்தான் இருந்தது. நல்ல ஆசிரியர், நேர்மையான அலுவலர் என்று ஊரார் அவரை அறிவர். வேதியியலின் அடித்தளத்தை அமைத்தவர் என்று அன்று அறிந்தவர் மிகச் சிலரே.

ஒரு வகுப்புப் பாடக் குறிப்பு

அவருடைய கருத்தைக் கைவிட்டதன் விளைவு என்ன? வேதியியல் முழுவதும் குழப்பமாயிற்று. கார்பனின் அணு எடை 6 என்றார் ஒருவர். 12 என்றார் மற்றொருவர். நீரின் வாய்பாட்டிலேயே ஒற்றுமை இல்லை. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் என்ற ஒரே பொருளுக்கு அன்று வழங்கிய வாய்பாடுகளைக் கெக்குலே என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி தம் நூலில் வரிசைப்படுத்தினார். அவை பத்தொன்பது! ஒரு பொருளுக்குப் பத்தொன்பது வாய்பாடுகள் இருந்தால் ஆசிரியர் எதைக் கற்பிப்பார்? மாணவர் எதை எழுதுவார்?

இந்த இருளில் விளக்கேற்றியவரும் ஓர் இத்தாலியரே. சிசிலித் தீவில் 1826-ஆம் ஆண்டில் பிறந்த ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ, ஜெனோவா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். தம் மாணவர்களுக்கு இப்பாடத்தை எப்படி நடத்துகிறார் என்பதை விளக்கி 1858-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். அவகாட்ரோவின் கருத்தே அதன் ஆணிவேர்.

அவர் முறை மிக எளிது. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றின் எடையை 2 என்று வைத்துக்கொள்வோம். சம பருமனில் சம எண்ணிக்கை என்பதால், எந்த வாயு ஹைட்ரஜனைப் போல் எத்தனை மடங்கு கனமோ, அதன் மூலக்கூறும் அத்தனை மடங்கு கனம். இவ்வாறு பார்த்தால் கார்பன் மோனாக்சைடு 28; அதில் கார்பன் 12 பங்கு. கார்பன் டை ஆக்சைடு 44. அதில் கார்பன் 12. மீத்தேன் 16, அதிலும் கார்பன் 12. எத்தில் ஆல்கஹால் 46. அதில் கார்பன் 24. ஈதர் 74, அதில் கார்பன் 48. எங்கும் 12 அல்லது 12-இன் மடங்கு! பன்னிரண்டுக்குக் குறைந்து எதிலும் வரவில்லை. ஆகவே ஒரு கார்பன் அணுவின் எடை 12. ஆல்கஹாலில் 24 உள்ளதென்றால் அதில் இரண்டு கார்பன் அணுக்கள், ஈதரில் நான்கு. தராசு ஒன்றைக் கொண்டே சேர்மத்துக்குள் இருக்கும் அணுக்களை எண்ணியாயிற்று!

1860-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஏறத்தாழ 140 வேதியியல் அறிஞர்கள் கூடினர். மூன்று நாட்கள் விவாதித்தனர். கன்னிசாரோ எழுந்து அவகாட்ரோவுக்காக வாதாடினார். முடிவு ஏதும் எட்டாமலே கூட்டம் கலைந்தது. ஆனால் கலையும் வேளையில் கன்னிசாரோவின் நண்பர் பவேசி அந்தச் சிறு நூலின் படிகளை வந்தவர்களுக்கு வழங்கினார். அதை எடுத்துச் சென்ற லோதர் மேயர் என்னும் இளைஞர் படிக்கப் படிக்கத் தம் ஐயங்கள் எல்லாம் விலகக் கண்டார். ரஷ்யாவிலிருந்து வந்திருந்த இருபத்தாறு வயது மெண்டலீவும் அக்கூட்டத்தில் இருந்தார். அணு எடைகள் திருத்தம் பெற்றபின், அவற்றை வரிசைப்படுத்தி 1869-ஆம் ஆண்டில் அவர் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். நம் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணைக்கும் அந்தச் சிறு நூலுக்கும் உள்ள உறவு இதுதான்.

அவகாட்ரோ இறந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண் பிறந்த கதை

சம பருமனில் சம எண்ணிக்கை என்றார் அவகாட்ரோ. அந்த எண்ணிக்கை எவ்வளவு? வியன்னா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த யோசெப் லோஷ்மிட், 1865-ஆம் ஆண்டில் காற்றின் மூலக்கூறு எவ்வளவு சிறியது என்று முதன்முதலில் கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அவருக்கு விடை வந்தது. அளவு தெரிந்ததும் எண்ணிக்கைக்கும் வழி பிறந்தது.

பிரான்சின் ஷான் பெரின் மஞ்சள் நிறப் பிசின் ஒன்றை மிக நுண்ணிய மணிகளாக்கி நீரில் கலந்தார். நுண்ணோக்கியின் கீழ் அடியில் எத்தனை மணிகள், மேலே எத்தனை மணிகள் என்று பொறுமையாக எண்ணினார். மலைமேல் செல்லச் செல்லக் காற்று குறைவதைப் போலவே மேலே செல்லச் செல்ல மணிகளும் குறைந்தன. அதிலிருந்து அப்பெரிய எண்ணைக் கணக்கிட்டார். 1909-ஆம் ஆண்டில் அதற்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று முன்மொழிந்தவரும் அவரே. அவருக்கு 1926-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மோல் என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்தவர் ஆஸ்ட்வால்ட். அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்றே நெடுங்காலம் ஐயுற்றிருந்த அவரும் பெரின் முதலியோரின் சோதனைகளுக்குப் பின் ஏற்றுக்கொண்டார்.

1971-ஆம் ஆண்டில் மோல் பன்னாட்டு அளவை முறையின் அடிப்படை அலகுகளில் ஒன்றாயிற்று. 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்று முன்பு வரையறுத்திருந்தார்கள். விஞ்ஞானிகள் ஒரு கிலோகிராம் எடையுள்ள சிலிக்கான் உருண்டைகளை மாசில்லாமல் செய்து, அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவை எக்ஸ் கதிர்களால் அளந்து, எண்ணிக்கையைத் துல்லியமாக்கினர். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பதே மோலின் வரையறை ஆகிவிட்டது.

நாமும் எண்ணலாம்

ஆணிக்கடையில் ஆயிரம் ஆணி கேட்டால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு ஆணியின் எடை தெரிந்தால் போதும், தராசில் நிறுத்துத் தந்துவிடுவார். மோல் கணக்கும் அதுவே.

நீரின் மூலக்கூறு எடை 18. ஆகவே 18 கிராம் நீர் ஒரு மோல். ஏறக்குறைய மூன்றரைத் தேக்கரண்டி நீர்தான், அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று அணுக்கள் என்பதால் மொத்தம் 18.066 × 10²³ அணுக்கள்.

குளுக்கோசை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூற்றில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், ஆக 24 அணுக்கள். மூலக்கூறு எடை 180. நம் கையில் இருப்பது 18 கிராம் என்றால் அது மோலில் பத்தில் ஒரு பங்கு. மூலக்கூறுகள் 6.022 × 10²². அதை 24-ஆல் பெருக்கினால் 1.445 × 10²⁴ அணுக்கள். ஹைட்ரஜன் மட்டும் வேண்டுமானால் 12-ஆல் பெருக்க வேண்டும். எடையை மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல்; மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் மூலக்கூறுகள்; அவற்றை ஒரு மூலக்கூற்றில் உள்ள அணுக்களால் பெருக்கினால் மொத்த அணுக்கள். மூன்றே படிகள்!

இதையே ஒவ்வொன்றாக எண்ணப் புகுந்தால் என்ன ஆகும்? 800 கோடி மக்கள் உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும், ஒரு மோல் மூலக்கூறுகளை எண்ணி முடிக்க ஏறத்தாழ இருபத்து நான்கு லட்சம் ஆண்டுகள் ஆகும். தராசும் அவகாட்ரோவின் கருத்தும் இருந்தால் ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம்.

நாம் கற்பது என்ன?

அன்புத் தோழியரே! உண்மை என்றும் வெல்லும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவகாட்ரோவின் வரலாறு அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. உண்மை தானாக நடந்து வருவதில்லை. அதை யாரேனும் சுமந்து வரவேண்டும். 1811-ஆம் ஆண்டில் எழுதிய அதே கருத்துத்தான் 1860-ஆம் ஆண்டிலும் இருந்தது. இடையில் மாறியது ஒன்றே. ஓர் ஆசிரியர் அதைத் தம் மாணவருக்குப் புரியும் மொழியில், படிப்படியாக, குழப்பமின்றி எழுதினார். அவருடைய நண்பர் அதைக் கையில் கொடுத்தார். கண்டறிந்தவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டுள்ளோமோ, எடுத்துச் சொன்னவருக்கும் அவ்வளவு கடன்பட்டுள்ளோம். நாள்தோறும் கரும்பலகையின் முன் நின்று, புரியாத ஒன்றை மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் விளக்கும் நம் ஆசிரியைகளை நினைத்தால் இது நன்றாக விளங்கும்.

அவகாட்ரோவுக்குப் பாராட்டு வரவில்லை, பதவியும் பறிபோனது. இருந்தும் அவர் கணக்கை நிறுத்தவில்லை. 1956-ஆம் ஆண்டில், அவர் மறைந்து நூறாண்டு ஆனபோது, இத்தாலி அவர் உருவத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு. அவற்றைக் காண அவர் இல்லை. ஆனால் உலகின் எந்த மூலையில் எந்த மாணவி மோல் கணக்கைச் செய்தாலும், அவருடைய பெயரை எழுதாமல் விடையை முடிக்க முடியாது. அடுத்த முறை அந்த எண்ணை எழுதும்போது, வெர்செல்லியில் அமர்ந்து சிந்தித்த அந்த எளிய ஆசிரியரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.